தேசிக்காயைக் குழம்புக்கு விடுங்கள்: குசினிப் பொருட்களில் முகப்பூச்சு

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறார், கல்யாணத்துக்கு 6 கிழமை இருக்கிறது. நெற்றியும் மூக்கும் மத்தியானத்துக்குள் எண்ணெய் வடிகின்றன. கன்னம் மட்டும் வறண்டு செதில் விடுகிறது. தாடையில் பழைய பருக்கள் விட்டுப்போன கறுப்புத் தடங்கள். தேசிக்காய்ச்சாறு, அப்பச்சோடா, மஞ்சள் மூன்றையும் குழைத்துப் பூசினால் முகம் வெளுக்கும் என்று பெரியம்மா சொன்னாராம். அது சரியா, இல்லையென்றால் எதை எவ்வளவு கலப்பது, எத்தனை நிமிடம் வைப்பது, ஒரேயடியாகச் செய்து பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பெரியம்மாவின் கலவையை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஆறு கிழமையைக் கெடுக்கக்கூடியது அதுதான். நம் தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. பி.எச். அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு, 7க்கு மேல் காரத்தன்மை) சொன்னால் 5 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. தேசிக்காய்ச்சாறு 2 முதல் 2.5 வரை. அப்பச்சோடாக் கரைசல் 8க்கு மேலே. இரண்டையும் ஒன்றாக்கினால் நுரைத்துப் பொங்கும். பொங்கி முடிந்ததும் எது கூடுதலாக விழுந்ததோ அது முகத்தில் மிஞ்சும். அப்பச்சோடா சற்றுக் கூடினால் காரத்தன்மை, பழம் சற்றுப் பெரிதாக இருந்தால் புளி. இன்றைக்கு ஒத்துக்கொண்ட கலவை அடுத்த கிழமை எரிவது இதனால்தான்.

தேசிக்காயில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதன் தோலிலும் சாற்றிலும் ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெய்யிலின் யூவிஏ கதிர் பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் முற்றும், சிலருக்குக் கொப்புளமே வரும். அது ஆறியபின் சாறு வழிந்த கோடுகள் அப்படியே மண்ணிறமாகப் பதிந்து கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நிற்கும். வீட்டுக்குள்ளேதானே இருக்கிறேன் என்பதும் சரிவராது. சாதாரண யன்னல் கண்ணாடி யூவிஏயின் பெரும்பகுதியை உள்ளே விடும், பஸ்ஸின் யன்னலோர சீற்றும் அப்படித்தான். கழுவிவிட்டாலும் காதோரத்திலும் தாடையடியிலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். வெளுப்பதற்காகப் பூசியது கறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகும். அதனால் தேசிக்காய், தோடம்பழத் தோல் இரண்டையும் முகத்துக்கு முழுமையாக விட்டுவிடுங்கள்.

வெளுப்பதைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பருத் தடம் என்பது வீக்கம் ஆறும்போது தோலுக்குள் கூடுதலாகச் சுரந்த நிறமி. மேல்தோல் ஒருமுறை புதுப்பிக்கப்படவே 4 கிழமைக்கு மேல் எடுக்கும். தடம் மங்க மாதங்கள் போகும். முகப்பூச்சு தொடுவது இறந்த கலங்கள் அடுக்கியிருக்கும் மிக மெல்லிய மேற்படையை மட்டும்தான். அதனால் அது செய்யக்கூடியவை மூன்று: அந்தப் படைக்குத் தண்ணீர் கொடுக்கும், மேலே மிதக்கும் எண்ணெயை உறிஞ்சும், உதிரத் தயாராக நிற்கும் செதிலைக் கழற்றும். இந்த மூன்றும் நடந்தால் முகம் மறுநாள் மினுங்கும், மேக்கப் திட்டுத்திட்டாக நிற்காமல் சமமாக உட்காரும். கல்யாண வீட்டுக்கு அது போதுமான இலாபம்.

உங்கள் தோலுக்கு ஒரே பூச்சை முழு முகத்துக்கும் போடுவது பிழை. நெற்றி, மூக்கு, நாடிக்கு ஒன்று, கன்னத்துக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் போடலாம்.

எண்ணெய்ப் பகுதிக்குப் பயற்றம்மா பூச்சு. இதை மட்டும் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாவற்றுக்கும் பக்குவம் இதிலிருந்துதான் பிடிபடும்.

கடையில் பயற்றம்மா என்று கேட்டால் பெரும்பாலும் பயற்றம் பணியாரத்துக்கு உரிய வறுத்த மா கிடைக்கும். வறுத்தது மணலாக உரசும், தண்ணீரையும் அவ்வளவு பிடிக்காது. தேவையானது பச்சையாக அரைத்தது. கோது நீக்கிய பாசிப்பயறு 100 கிராம் வாங்கி, துடைத்து, அரை மணி நேரம் வெய்யிலில் காயவிட்டு, வீட்டில் பிளெண்டரின் சிறிய சாடியில் அரையுங்கள். மில்லில் கொடுக்கவேண்டாம். உங்களுக்கு முதல் ஆள் மிளகாய்த்தூள் திரித்திருந்தால் அதன் மிச்சம் உங்கள் மாவில் இருக்கும், முகத்தில் போட்ட முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வீட்டுச் சாடியில் கறித்தூள் அரைப்பவர்களும் முதலில் ஒரு பிடி பச்சையரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்துப் பாவியுங்கள். அரைத்ததை மா அரிக்கும் அரிதட்டில் இரண்டு தரம் அரித்து, கடைசியாக ஒரு மெல்லிய பருத்தித் துணியில் தட்டி எடுத்தால் பவுடர் மாதிரி வரும். அரிதட்டில் தங்குகிற குருணியை முகத்துக்குப் போடாதீர்கள், அது தோலைக் கீறும். கடலைமாவும் பாவிக்கலாம். ஆனால் அது கெதியாகக் காய்ந்து இறுகும், வறண்ட கன்னத்துக்குச் சரிவராது.

அளவு: தலை தட்டிய 1 மேசைக்கரண்டி மா, 1 மேசைக்கரண்டி தயிர், கத்தி நுனியில் நிற்கும் அளவு மஞ்சள். இவ்வளவு ஒரு முகத்துக்கும் கழுத்துக்கும் தாராளம். கண்ணாடிக் கிண்ணத்தில் மாவைப் போட்டுத் தயிரை மூன்று தரமாக விட்டுக் குழையுங்கள். ஒரேயடியாக விட்டால் உள்ளே மாக்கட்டி நிற்கும். சில்வர் கரண்டி கூடாது, மரக்கரண்டிதான் வேண்டும் என்று ஒரு கதை உலாவுகிறது. பத்து நிமிட வேலையில் சில்வர் கரண்டி எதையும் கெடுக்காது. குழைத்ததும் 5 நிமிடம் மூடி வையுங்கள். மா தண்ணீரைக் குடித்துத் தடிக்கும். பிறகுதான் அது சரியான பதமா என்று பார்க்க வேண்டும்: தோசை மாவைவிடத் தடிப்பு, வடை மாவைவிட இளக்கம். கரண்டியைத் தூக்கினால் ஒரு கட்டியாகத் தொங்கி, மெதுவாக விழவேண்டும். நூலாக வழிந்தால் அரைத் தேக்கரண்டி மா, பிளந்து விழுந்தால் அரைத் தேக்கரண்டி கொதித்தாறிய தண்ணீர்.

தயிர் எது என்பதும் முக்கியம். கப்பில் வரும் இனிப்பு யோகட்டில் சீனியும் ஜெலட்டினும் இருக்கும். பூசினால் பிசுபிசுக்கும், பலன் குறைவு. சட்டியில் வரும் எருமைத் தயிர் நல்லது, ஆனால் மேலே நிற்கும் ஆடையில் கொழுப்பு அதிகம். அந்த ஆடையைக் கன்னத்துப் பூச்சுக்கு ஒதுக்கிவிட்டு, நெற்றிக்கு அடியிலுள்ளதை எடுங்கள். தயிரில் இருக்கும் லக்ரிக் அமிலம்தான் செதிலைக் கழற்றுகிறது. கிறீம்களில் அளந்து சேர்ப்பதைவிட இது மிகவும் மென்மையானது, அதனால்தான் வீட்டில் பயமில்லாமல் பாவிக்க முடிகிறது. நாலைந்து நாள் வைத்துப் புளித்த தயிர் கூடுதலாக வேலை செய்யும் என்று நினைக்கவேண்டாம். புளிப்போடு வேறு கிருமியும் பூஞ்சையும் சேர்ந்திருக்கும்.

முகத்தை வழக்கமான ஃபேஸ்வொஷ்ஷால் கழுவி, துவாயால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். 2 மில்லிமீற்றர் தடிப்பு, அதாவது தோலின் நிறம் வெளியே தெரியாத அளவு. மெல்லியதாகப் பூசினால் மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலமும் உதட்டைச் சுற்றியும் விட்டுவிடுங்கள்.

8 முதல் 10 நிமிடம். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குப் பிழைக்கிறது. முகம் இழுக்கும்வரை, சிரித்தால் வெடிக்கும்வரை வைப்பது வழக்கமாகிவிட்டது. காய்ந்த மா தன் ஈரத்துக்காகத் தோலிலிருந்தே தண்ணீரை இழுக்கும், கழற்றும்போது உரசித் தோலைச் சிவக்க வைக்கும். ஓரம் வெளிறத் தொடங்கும்போதே எடுத்துவிடவேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் யன்னல் திறந்திருந்தால் 10 நிமிடம் தாக்குப்பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழோ ஏசி அறையிலோ 5 நிமிடத்தில் காய்ந்துவிடும். அப்படியானால் இடையில் தண்ணீர் தொட்ட விரலால் ஒருதரம் ஒற்றிவிடுங்கள்.

எடுக்கும்போது தேய்க்கவேண்டாம். இரண்டு கைகளையும் நனைத்து முகத்தில் ஒற்றி, அரை நிமிடம் பொறுங்கள். மா திரும்ப இளகி வழுக்கும். அப்போது வட்டமாக மெதுவாக வழித்தால் செதில் தானாக வரும். சாதாரணத் தண்ணீரால் கழுவி, ஈரம் காயமுன் உங்கள் வழக்கமான மொய்ஸ்சரைசரைப் போடுங்கள். அதைப் போடாமல் விட்டால் கொடுத்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

கன்னத்துக்கு ஓட்ஸ். வறண்ட, அரிக்கிற தோலுக்குக் குசினியில் இருக்கிற பொருட்களில் ஆதாரம் பலமாக உள்ளது இதற்குத்தான். மிக நுணுக்கமாக அரைத்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருளாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் ஏற்றுக்கொண்டது. அதில் இருக்கும் பீட்டாகுளுக்கான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அவெனந்திரமைட் என்பவை அரிப்பைத் தணிக்கின்றன. 1 மேசைக்கரண்டி சாதாரண ஓட்ஸை மாவாக அரைத்து, 2 மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். இரண்டு விரலுக்கிடையில் எடுத்துத் தேய்த்தால் வெண்டிக்காய்ப் பசைபோல வழுக்கவேண்டும். வழுக்காவிட்டால் போதுமான அளவு அரைபடவில்லை. அதில் அரைத் தேக்கரண்டி தேன், விரும்பினால் ஒரு தேக்கரண்டி தயிராடை. 15 நிமிடம் வைக்கலாம், இது காய்ந்து இறுகாது. சுவையூட்டிய, சீனி போட்ட ஓட்ஸ் பைக்கற்றுகள் வேண்டாம்.

தேன் தண்ணீரை ஈர்த்துப் பிடிக்கும். ஐந்திலொரு பங்குக்குக் குறைவாகவே அதில் தண்ணீர் இருப்பதால் கிருமி வளராது. ஆனால் தண்ணீர் கலந்த நிமிடத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்ணீரில் விட்டால் அடியில் கட்டியாக நிற்பது நல்ல தேன் என்ற சோதனையை நம்பாதீர்கள். தடிப்பான சீனிப்பாகும் அப்படித்தான் நிற்கும். கித்துள் பாணியைத் தேனுக்குப் பதிலாக இடுபவர்கள் இருக்கிறார்கள். ஈரம் பிடிப்பதில் அதுவும் மோசமில்லை, ஆனால் தேனுக்குரிய மற்றக் குணங்கள் அதில் இல்லை. அதை அப்பத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

மூக்கில் கரும்புள்ளி அதிகமென்றால் கிழமைக்கு ஒருதரம் முல்தானி மிட்டி: 1 தேக்கரண்டி மண்ணுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தண்ணீர், மூக்கிலும் நாடியிலும் மட்டும், 5 நிமிடம். அந்த நாளில் அங்கே பயற்றம்மா வேண்டாம். பன்னீர் கலந்தால் வாசம் வரும், வேறொன்றுமில்லை.

வெய்யிலில் அலைந்து வந்த நாளுக்குக் கற்றாழை. மடலை வெட்டியதும் அடியிலிருந்து மஞ்சள் பால் வடியும். அலோயின் உள்ள அந்தப் பால்தான் பலருக்கு அரிப்பைக் கொடுக்கிறது, பழியோ முழுக் கற்றாழைக்கும் போகிறது. வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கோப்பையில் 15 நிமிடம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, முள்ளோரங்களைச் சீவி, பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடிக் கட்டியை இரண்டு தண்ணீரில் கழுவுங்கள். 1 மேசைக்கரண்டி போதும். துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் குளிர்ச்சி கூடும், வெள்ளரிக்காயில் பெரும்பங்கு தண்ணீர்தானே. 10 நிமிடம்.

பப்பாசியைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். புரதத்தைக் கரைக்கும் பபைன் நொதியம் காயின் பாலில்தான் அதிகம், கனியக் கனியக் குறைந்துவிடும். அதனால் நன்றாகப் பழுத்ததன் சதை மென்மையான பூச்சு, முதல் தரம் 5 நிமிடம் வைத்துப் பார்க்கலாம். காயையோ செங்காயையோ அரைத்துப் பூசினால் தோல் புண்ணாகும். பலூன், றப்பர் கையுறை பட்டால் கை அரிக்கிறவர்களுக்குப் பப்பாசி, வாழைப்பழம், ஆனைக்கொய்யா மூன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பழங்களைத் தொடவேண்டாம்.

மஞ்சளுக்கு வருவோம். அளவைக் கத்தி நுனி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதன் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கூடப் போட்டால் பலன் கூடாது, காதோரமும் புருவமும் மஞ்சளாக நிற்கும். நின்றுவிட்டால் சவர்க்காரம் போடாமல், ஒரு துளி எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், வந்துவிடும். 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை எகிறியபோது மாவும் சாயமும் கலந்த தூள் எவ்வளவு ஓடியது என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். முகத்துக்குத் தூள் வாங்காமல் கட்டி மஞ்சளை வாங்கிக் கழுவி, சந்தனக் கல்லில் சில துளி தண்ணீர் விட்டு உரைத்து எடுங்கள். நாலைந்து சுற்று போதும். கஸ்தூரி மஞ்சள் கறை குறைவு. ஆனால் அது வெளிர் நிறமாக இருக்கவேண்டும். பளிச்சென்ற செம்மஞ்சள் தூளைக் கஸ்தூரி என்று தந்தால் எடுக்காதீர்கள். புறக்கோட்டை கபோஸ் லேனில் இருக்கும் மருந்துச் சரக்குக் கடைகளில் கிழங்காகவே கேட்டு வாங்குவது நல்லது, பொடித்த பிறகு எதுவென்று கண்ணால் சொல்லமுடியாது.

வேண்டாதவை இன்னும் சில. கறுவாத்தூள் நம் ஊர்ப் பொருள் என்பதால் தேனோடு குழைத்துப் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. அதன் வாசத்துக்குக் காரணமான சினமல்டிகைட்டே ஒவ்வாமையைத் தூண்டும் பொருள். சுள்ளென்று எரிவதைப் "பிடிக்கிறது" என்று சொல்கிறார்கள், தோல் அங்கே எதிர்ப்புக் காட்டுகிறது, அவ்வளவுதான். சீனி ஸ்கிரப்: சீனியின் விளிம்பு கூர்மையானது, முழங்கைக்கும் குதிக்காலுக்கும் சரி, பரு உள்ள முகத்துக்குக் கூடாது. பச்சை முட்டை வெள்ளைக்கரு: காய்ந்து படலமாக இழுப்பதைத் தோல் இறுகியதாக நினைக்கிறோம், கழுவியதும் அது போய்விடும். சால்மொனெல்லாக் கிருமியை உதட்டருகே வைத்ததுதான் மிச்சம். பற்பசையைப் பருவில் வைப்பதும் வேண்டாம்.

தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் தனியாகச் சொல்லவேண்டியவை, ஏனென்றால் இந்த ஊரில் அவற்றைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. வறண்ட கை, காலுக்கு அவை நல்லவை. பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைக்கும். இன்னொன்று: நெற்றியில் ஒரே அளவான சின்னச் சின்னப் பொரிகள் அரிப்போடு இருந்தால் அது பருவாக இல்லாமல் மலசேசியா என்ற ஈஸ்ட்டின் வேலையாக இருக்கலாம். வியர்வையும் புழுக்கமும் உள்ள நம் காலநிலையில் அது சகஜம், எண்ணெயின் கொழுப்பமிலங்கள்தான் அதற்குச் சாப்பாடு. அப்படிப் பொரி வந்தால் எல்லாப் பூச்சையும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிரிட்ஜில் வைக்கலாமா? குழைத்ததை வைக்கவேண்டாம். உழுந்தும் அரிசியும் அரைத்து மூடி வைத்தால் விடிய முன்னம் பொங்கி நிற்கிறதே, 30 பாகை குசினியில் உங்கள் பயற்றம்மாக் குழையலுக்கும் அதேதான் நடக்கும். பிரிட்ஜ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கடைக் கிறீமில் கிருமி வளராமல் தடுக்கும் பொருட்கள் சேர்த்திருக்கிறார்கள், உங்கள் கிண்ணத்தில் அவை இல்லை. மிஞ்சியதைக் கைக்கும் கழுத்துக்கும் போட்டு முடித்துவிடுங்கள். உலர்ந்த மாவை மட்டும் ஈரமில்லாத போத்தலில் இறுக்கி மூடி ஒரு மாதம் வைக்கலாம். ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது. வண்டு விழுந்தாலோ ஊசல் மணம் வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

பூசமுன் சோதனை. முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு பூசி 10 நிமிடத்தில் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். அரை மணி நேரத்தில் ஒன்றும் வரவில்லை என்று திருப்திப்படவேண்டாம், ஒவ்வாமைச் சிவப்பு 48 மணி நேரம் கழித்தும் வரும். ஒரு கலவையில் ஒரே ஒரு புதுப்பொருள்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எது பிழைத்தது என்று கண்டுபிடிக்கமுடியாது.

யாருக்கு இவை எதுவும் கூடாது? பருவுக்கு அடாபலீன் அல்லது ஐசோட்ரெட்டினொயின் எடுப்பவர்களின் தோல் ஏற்கெனவே வறண்டு எளிதில் எரியக்கூடியதாக இருக்கும், தயிரும் பழமும்கூட எரிக்கும். முகவரி இல்லாத "வெள்ளையாக்கும்" கிறீம் பாவித்தவர்களும் பொறுக்கவேண்டும். அவற்றில் ஸ்டீரொயிட் இருப்பதுண்டு, பாதரசம் இருப்பதுமுண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனத்துக்கு முதலில் விட்டிருந்த பாதரச வரம்பே கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான், 2023இல் அந்த வரம்பையும் நீக்கிப் பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தை முழுதாகத் தடைசெய்ய முடிவெடுத்தார்கள். அப்படியான கிறீமை நிறுத்தும்போது முகம் சிவந்து பொங்கினால், அதற்கு மேல் மாவைக் குழைத்து அப்பாமல் தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். சீழ்ப்பரு நிறைய உள்ளவர்களுக்கும் அதே வழிதான்.

இப்போது ஆறு கிழமையைப் பிரிப்போம். முதற் கிழமையில் சோதனை மட்டும். இரண்டாவதில் இருந்து நெற்றி, மூக்குப் பகுதிக்குக் கிழமைக்கு இரண்டு தரம், கன்னத்துக்கு ஓட்ஸ் இரண்டு தரம். அதைவிடக் கூட்டினால் கன்னம் முதலில் முறையிடும்: தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரியும். எரிந்தால் ஒரு கிழமை முழு ஓய்வு. கடைசி இரண்டு கிழமையில் புதிதாக ஒன்றும் தொடங்கவேண்டாம், யார் என்ன கொண்டுவந்து தந்தாலும் சரி. புருவம் திரெட்டிங் செய்த அன்றும் மறுநாளும் பூச்சு கூடாது. கல்யாணத்துக்கு மூன்று நாளைக்கு முன் கடைசிப் பூச்சு. நலங்குக்கு மஞ்சள் பூசுவார்கள் என்றால் நீங்கள் பழகிய அதே கட்டி மஞ்சளை உரைத்துக் கொடுத்துவிடுங்கள், அவசரத்தில் யாரோ வாங்கிவரும் பைக்கற் தூளுக்கு முகத்தைக் கொடுக்காமல் தப்பலாம்.

இந்த ஆறு கிழமையும் தடத்துக்கு உண்மையில் உதவப்போவது பாமசியில் வாங்கும் சன்ஸ்கிறீன்தான். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது, ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக எடுத்த இரண்டு கோடு முகத்துக்கும் கழுத்துக்கும். மத்தியானம் காலி வீதியில் பத்து நிமிடம் வெறும் முகத்தோடு நடந்தால், அந்த வெய்யில் பழைய தடங்களை மங்க விடாது. வெளியில் நிற்பதானால் இரண்டு மணிக்கொருதரம் திரும்பப் போடவேண்டும்.

கழுவும்போது ஒரு விஷயம்: மாவை பேசினில் வழித்துவிடாதீர்கள். குழாய்க்குள் போய்ப் படிந்து இறுகும், தொடர்மாடி வீடுகளில் கீழ்வீட்டுக்காரரோடு சண்டைக்கு அது போதும். முதல் வழிப்பைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். துவாயில் மஞ்சள் பிடித்தால் உடனே சவர்க்காரம் போடாதீர்கள். ஆலாத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, சவர்க்காரத்தின் காரத்துக்கும் கறை அப்படியே சிவக்கும், பார்க்கப் பயமாக இருக்கும். வெறும் தண்ணீரில் அலசி, நல்ல வெய்யிலில் இரண்டு நாள் கொடியில் போடுங்கள். குர்குமின் வெளிச்சத்துக்கு நிற்காது, பெரும்பகுதி தானாக வெளிறிவிடும். மிச்சத்தைப் பிறகு தோய்க்கலாம்.